அராலி வந்தாச்சு!

"அராலி வந்தாச்சு! அராலி வந்தாச்சு!"

ஜீப் நின்றதும் கிபாலே காட்டுக்குள்ளிருந்து கொபுசிங்கேயின் குரல் குழைந்து வந்தது. ஆனால் வனக்காவலர் கொபுசிங்கேயோ, அதே ஜீப்பிலிருந்து இறங்கி, தோளில் துப்பாக்கியோடு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

கம்பாலாவிலிருந்து பறவை பார்க்க வந்திருந்த நன்சுபுகா அம்மாள் மிரண்டுபோனாள். "என்னப்பா இது, காட்டுல பேய் கீய் இருக்கா?"

"பேய் இல்லம்மா, சாம்பல் கிளி," என்றான் வழிகாட்டி கசாய்ஜா. "கடத்தல்காரங்ககிட்டேருந்து மீட்டது. வெட்டின றெக்கை முளைக்கிற வரைக்கும் முகாம் சமையல்கட்டுல கூண்டுக்குள்ள வெச்சு இவங்கதான் தீனி போட்டாங்க. பறக்க விட்டாச்சு. ஆனா இவங்க குரலை மட்டும் அது திருப்பித் தரல."

"ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வசனம் வெச்சிருக்கும்மா, பாருங்க," என்று ஜீப் ஓட்டும் முகிசா ஒரு தட்டை எடுத்துத் தட்டினான்.

"மட்டோக்கே ஆறுது, சாப்பிட வா!" என்றது கிளி.

"தட்டுச் சத்தத்துக்கு அது. ஜீப் சத்தத்துக்கு 'அராலி வந்தாச்சு'. அந்த அராலி யாருன்னு கேளுங்கம்மா!" முகிசா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் பெயரோடு ஒரு செல்லப்பெயரும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. இருக்கிற செல்லப்பெயரே மொத்தம் ஒரு டஜன்தான் என்பதால், கல்லை விட்டெறிந்தால் யாராவது ஓர் அராலி தலையில்தான் விழும். முகிசா ஓர் அராலி. தினமும் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும் கசாய்ஜாவும் ஓர் அராலி.

ஆனால் கிளி சொல்லும் அராலி முகிசாதான் என்பதில் முகாமில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. முகிசா சிரித்தால் முத்துப்பல் வரிசை. கசாய்ஜாவுக்கோ, யானை துரத்தி வேர் தடுக்கி விழுந்ததில் முன்பல் போய்விட்டது. அன்றிலிருந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். கிளியைப் பறக்கவிட்டு, அது 'அராலி, அராலி' என்று ஊரைக் கூட்ட ஆரம்பித்த பிறகு அவனுக்கு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. பாவம், கொபுசிங்கே மேல் அவனுக்கு உயிர். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"என்ன அராலி, புடோங்கோ காட்டுக்கு மாத்தல் கேட்டிருக்கியாமே?" என்றான் முகிசா.

"ஆமா அராலி. சாயங்காலம் நான் 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நாளைக்கே வண்டி."

"நல்லது அராலி. கல்யாணத்துக்கு மறக்காம வந்துடு."

கொபுசிங்கே துப்பாக்கியைத் தோள் மாற்றிப் போட்டாள். யானையே எதிரில் வந்தாலும் நகராதவள், இந்தப் பேச்சு எழுந்தால் மட்டும் தன் பூட்ஸைக் குனிந்து பார்ப்பாள். அந்த வெட்கம் முகிசாவுக்காகத்தான் என்று கசாய்ஜா முடிவுகட்டி, மனசை ஒரு வழியாக மூட்டை கட்டிவிட்டான்.

"நீயே சொல்லேம்மா, எந்த அராலி?" என்று நன்சுபுகா அம்மாள் அவளிடமே கேட்டாள்.

"நீங்க பறவையப் பாருங்கம்மா," என்றாள் கொபுசிங்கே.

அம்மாள் பார்க்க வந்தது பச்சை மார்பு ஆறுமணிக்குருவியை. இலைச் சருகில் தத்தித் திரியும் அதை வரவழைக்க, கசாய்ஜா அதன் குரலில் விசிலடித்தான். பல்லில்லாத சந்தில் காற்றுதான் வந்தது. குருவி வரவில்லை. கிளிதான் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

ஜீப்பிலேயே இருக்க வேண்டிய முகிசாவும் பின்னாலேயே வந்திருந்தான். கிளி தன் பெயரைச் சொல்வதை அம்மாளுக்குப் பக்கத்திலிருந்து காட்ட வேண்டுமாம். மரத்தடியில் போய் நின்று, கைகளை விரித்து, முத்துப்பல் அத்தனையும் தெரிய அண்ணாந்தான்.

"சொல்லு கண்ணு! உங்கக்கா மனசுல இருக்கிற அராலி யாரு? வாயைத் திறந்து சொல்லு!"

கிளி அவனை ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பி உட்கார்ந்தது. சிவப்பு வாலைத் தூக்கியது. காலையில் தின்ற அத்திப்பழமெல்லாம் முகிசாவின் மூக்கில் ஆரம்பித்து மோவாய் வரை வழிந்தது.

"த்தூ! த்தூ!"

அம்மாளின் தொலைநோக்கி நழுவிவிட்டது. கசாய்ஜா எவ்வளவோ அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. வாயைப் பொத்தவும் மறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காடே அதிரச் சிரித்தான். வாரக்கணக்காகச் சேர்த்துவைத்த சிரிப்பு அது.

கொபுசிங்கே மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, சிரிக்காதீங்க! அது முன்னால சிரிக்காதீங்க!" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

அதற்குள் கிளி தலையைச் சாய்த்து அந்தச் சிரிப்பை முழுசாகக் கேட்டுவிட்டது. பிறகு அவள் குரலிலேயே, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னது:

"ஹூம்... அராலி, அந்த ஓட்டைப்பல்லுச் சிரிப்பு ஒண்ணு போதும் எனக்கு!"