கிடக்கும் நிலம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி நன்மாறனோடு நில அட்டை, மிருக அட்டை வைத்துச் சண்டை விளையாட்டு ஆடும்போது, அவனுக்கு மிகவும் பிடித்த நில அட்டையில் ரசத்தைக் கொட்டிவிட்டேன்.

"அதுக்கும் ஊட்டுறியாண்ணா?" என்றான்.

முதுகில் அறுவை சிகிச்சை செய்தால் அவன் நடக்கலாம், பிழைக்காமலும் போகலாம். டாக்டரைக் கேட்டால், "நீங்களே முடிவு பண்ணுங்க" என்கிறார். இட்லியா தோசையா என்பதற்கே திணறுகிறவன் நான். தம்பியிடம் கேட்கத் தைரியமில்லாமல், அட்டையை வேட்டியில் துடைத்தபடி, "இது தேறுமாடா?" என்றேன்.

"சும்மா கிடந்தா நிலம். யாரும் அவ்வளவா சீண்ட மாட்டாங்க. எழுப்பினா மிருகமாகிச் சண்டைக்குப் போகும். அங்க செத்தா நிலமும் போச்சு."

"அப்பக் கிடக்கட்டுமே. கூடவே இருக்குமில்ல?"

போர்வைக்கடியில் அசையாத தன் கால்களைப் பார்த்தான்.

"கிடந்தது போதும்ணா. டாக்டர்கிட்ட சரின்னு சொல்லிடு."