கைகுலுக்கல்

டாடியின் அடக்கம் முடிந்து அன்றுதான் தொம்மலூர் ஆய்வகத்துக்குத் திரும்பியிருந்தேன்.

"சாரி அல்போன்சா, அடக்கத்துக்கு வர முடியல. நாளைக்கு டெமோ இல்லையா? உன் வேலையையும் நானே முடிச்சிட்டேன்" என்றான் டெரிக்.

எங்கள் கருவி ஒரு கைப்பிடி. ஒருவர் கைகுலுக்குவதைப் பதிவு செய்துகொண்டு, பிறகு அதைப் பிடிப்பவர் கையில் அதே அழுத்தத்தைக் கொடுக்கும்.

"பேர் போடாத ஒரு பதிவு மட்டும் உதறிக்கிட்டே இருந்துச்சு. கைப்பிடியோட விறைப்பைக் கூட்டினா உதறல் ஜாஸ்தி. குறைச்சா கை பஞ்சு மாதிரி ஆயிடுது. நீ வேற அதைத் தொடவே விடமாட்டே."

"என்ன பண்ணின?"

"பதிவுல இருந்த உதறலை மொத்தமா வடிகட்டி, அது மேலயே சேவ் பண்ணிட்டேன். இப்ப கல்லு மாதிரி நிக்குது! ஒரு தேங்க்ஸ் கூடக் கிடையாதா?"

"பழசு இருக்கா?"

"அந்தக் குப்பை எதுக்கு? பிடிச்சுப் பாரேன்."

பிடித்தேன். உறுதியான, இதமான கை. யாருடையதாகவும் இருக்கலாம்.

"எப்படி?"

"நல்லா இருக்கு" என்றேன். விட மனம் வரவில்லை. "இது டாடியோட கை, டெரிக். வியாதி வந்ததுலேர்ந்து உதறிக்கிட்டேதான் இருந்துச்சு."