படையல் நாளில் மிளகாய் நெடி

வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கும்சுக்குக்குத் தும்மல் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அப்படி ஒரு மிளகாய் நெடி.

கையிலிருந்த பேரிக்காய்ப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கே தம்பி மனைவி போரா, பன்றி இறைச்சியைப் பெரிய தீயில் புரட்டிக்கொண்டிருந்தாள். மிளகாய் விழுதில் கறி செக்கச்செவேலென்று கிடந்தது. போதாததற்குக் கைப்பிடி பூண்டு வேறு.

இன்று அப்பாவின் வருஷப் படையல். செத்தவர்களுக்குப் படைக்கிற வீட்டில் மிளகாயும் பூண்டும் ஆகாது, அந்த வாசம் பட்டால் ஆவி படியேறாது என்பது கொரியாவின் இந்தத் தேகு நகரத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி," என்றாள் போரா, தலையை நிமிர்த்தாமல். வெங்காயத்தாளை அள்ளிப் போட்டாள்.

கும்சுக் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். படித்த திமிர் என்றாள். சம்பாதிக்கிற கொழுப்பு என்றாள். நாக்கு ருசி கேட்டால் ஒரு நாள் பொறுக்க முடியாதா, ஊரே குனிந்து வணங்கிய தலைமையாசிரியருக்கு மருமகள் காட்டும் மரியாதை இதுதானா என்று கேட்டாள். பாவம் போரா, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். அவள் சொல்லவில்லை.

கும்சுக் சட்டியைத் தூக்கிக் குப்பையில் கொட்டப் போனாள். போரா குறுக்கே வந்து நின்றாள்.

"கொட்டாதீங்க அண்ணி. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோங்க."

"அம்மா, இங்க வந்து உன் மருமக லட்சணத்தைப் பாரு!"

அம்மா அறையிலிருந்து மெல்ல வந்தார். சட்டியைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"அப்பா வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள வர முடியாமத் திரும்பிப் போவாரும்மா. நீயாவது கேளேன்."

"அவளைத் திட்டாதே. நான்தான் செய்யச் சொன்னேன்."

அம்மா நிதானமாகத்தான் பேசினார்.

"போன வருஷம் வழக்கப்படி கதவைத் திறந்து வெச்சுட்டு, அவர் காலடிச் சத்தம் கேக்குதான்னு நடுங்கிக்கிட்டே உக்காந்திருந்தேன். உயிரோட இருந்தப்போ நடுங்கினது பத்தாதாடி? அவர் பெல்ட்டைக் கழட்டினா, நீ பக்கத்து ரூம்ல ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவியே, மறந்துட்டியா?"

கும்சுக் சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். அவள் எதையும் மறந்திருக்கவில்லை.

அம்மா மருமகள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி மிளகாய்ப்பொடி போடும்மா. அந்த மனுஷன் தெருமுனையிலேயே திரும்பிடணும்."