நாலு காக்கிச் சட்டை

ஆப்பிரிக்காவில், நியாசாலாந்தின் மலையோரக் காவல் நிலையத்துக்கு வெள்ளைக்கார அதிகாரி ஆய்வுக்கு வந்தார். காக்கிச் சட்டையில் நான்கு பேர் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். ஐந்தாவதாக நின்ற சிப்பேட்டாவுக்குக் கிழிந்த பனியன்தான். பூட்ஸ் யாருக்குமே இல்லை. கறுப்புக் காவலருக்கு அதைக் கொடுக்கிற வழக்கமில்லை.

"பதிவேட்டுல அஞ்சு கான்ஸ்டபிள். ஆள் கணக்கு சரி," என்றார் அதிகாரி. "இவன் சட்டை எங்கே?"

"வந்ததே நாலுதான், ஐயா," என்றார் சார்ஜென்ட் கலுவா.

"அந்த நாலு பேரும் எவ்வளவு மிடுக்கா இருக்காங்க. இவன் பிச்சைக்காரன் மாதிரி நிக்கிறான். இன்னியோட இவனை வேலையை விட்டு நிறுத்து."

அதிகாரியின் மோட்டார் மலை இறங்கியது. நான்கு பேரும் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, தாமாகவே லாக்கப்புக்குள் போனார்கள். கலுவா பூட்டினார்.

உண்மையான நான்கு கான்ஸ்டபிள்களும் சம்பளம் வராமல் தெற்கே தங்கச் சுரங்கத்துக்கு ஓடி மூன்று மாதமாகிறது.

"நீ ஒண்ணைப் போட்டிருக்கலாமேடா," என்றார் கலுவா.

"சட்டை இல்லேன்னா கைதியைக் கைதின்னு கண்டுபிடிச்சிடுவான். நான் நிஜப் போலீஸ், எனக்கெதுக்குன்னு விட்டுட்டேன், அண்ணே," என்றான் சிப்பேட்டா.

கம்பிக்குப் பின்னாலிருந்து, நால்வரில் ஒருவனான ஆட்டுத் திருடன் சொன்னான்: "நாளைக்கு எவன் ஆட்டையாவது திருடிட்டு இங்கயே வந்துடு, தம்பி. சோளக்களியாவது வேளைக்கு வருது."

அதட்ட வாயைத் திறந்த கலுவா, உள்ளே இன்னும் ஒருவன் படுக்க இடமிருக்கிறதா என்று பார்த்தார்.