பேட்டரி நிற்காத லேப்டாப்

"பேட்டரி நிக்கவே கூடாதுங்க பாய். அப்படி ஒண்ணு இருந்தா எடுங்க."

காதர் மைதீன் தன் காதையே சந்தேகப்பட்டார். துபாயில் பாதி, கும்பகோணத்தில் மீதி என்று கம்ப்யூட்டர் விற்றே தலை நரைத்தவர் அவர். பேட்டரி நிற்கவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நிற்கவே கூடாது என்று கேட்டு வந்தவள் இந்த நீலாம்பாள் ஒருத்திதான்.

"யாருக்கும்மா?"

"எம் மருமவளுக்கு. மகன் சிங்கப்பூர்ல இருக்கான். இது பெங்களூரு கம்பெனிக்குப் பாபநாசத்துல வீட்ல இருந்தே வேலை பாக்குது. பழைய லேப்டாப்பு போயிடுச்சு. மருமவளுக்குச் செல்லுலயே ஏதோ மீட்டிங்காம், அதான் நான் வந்தேன்."

மருமகளுக்கு மாமியார் வாங்குகிறாளா, சரிதான் என்று நினைத்துக்கொண்டார் காதர் மைதீன். இருந்தாலும் வியாபாரம் வியாபாரம். நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஆபீஸ் வேலைக்குன்னே செஞ்சது. ஒரு தடவை சார்ஜ் போட்டா பொழுதுக்கும் நிக்கும்."

நீலாம்பாள் முகம் வாடியது. "வேணாங்க."

"வெயிட்டே இல்லம்மா. வயக்காட்டுல உக்காந்துகூட வேலை பாக்கலாம்."

"ஐயையோ."

"கரண்டு போனாலும் செல்லுல நெட் எடுத்து..."

"பாய், நல்லதா ஒண்ணு காட்டுங்களேன்" என்றாள் அவள் பரிதாபமாக.

காதர் மைதீனுக்கு எரிச்சல் வந்தது. பின் அலமாரியில் கிடந்த ஒரு பழசை எடுத்து முன்னால் போட்டார். "இந்தாங்க, நீங்க கேட்ட ஜாதகம். பிளக்கைப் புடுங்கினா உசிரு போயிடும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதான். இதையே குடுங்க."

"கம்பெனி சாஃப்ட்வேர் இதுல ஏறாதும்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அந்தப் புதுசையே குடுங்க. பேட்டரியை மட்டும் கழட்டி நீங்களே வச்சுக்குங்க. வெலைய ஒண்ணும் கொறைக்க வேணாம்."

கஞ்சத்தனம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். இல்லை, இது சுத்தமான மாமியார்த்தனம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கடையில் ஒரு விளக்கும் அணையவில்லை, இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி கமருன்னிஸா கம்ப்யூட்டரில் தலை நிமிராமல் பில் தட்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாயப் போகிறது, மத்தியானச் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் மூடியபடியே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் காதர் மைதீன் பெருமையாக. "கரண்டு போனா வேலை நிக்கலாமா? தொழில்னா இப்படி இருக்கணும். மாமியார் உடைச்சா மண்குடம்னு சும்மாவா சொன்னாங்க? நீங்க லேப்டாப்பையே உடைக்கக் கிளம்பிட்டீங்க. பெத்த மகளா இருந்தா பேட்டரியைக் கழட்டச் சொல்லுவீங்களா? பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலையே போயிடும்மா."

"போவாதுங்க. ஊர்ல கரண்டு இல்லன்னு சொன்னா கம்பெனியில ஒண்ணும் சொல்றதில்ல."

"அப்புறம் எதுக்கும்மா இந்த வேலை?"

நீலாம்பாள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "பழசுல பேட்டரி செத்துக் கெடந்துச்சு பாய். சாப்பிட வாடின்னா 'ரெண்டு நிமிஷம் அத்தை'ங்கும். தட்டுல போட்ட சோறு காஞ்சு கெடக்கும். எம் பேச்சைக் கேக்காது, கரண்டு பேச்சைத்தான் கேக்கும். வாயும் வயிறுமா இருக்குற பொண்ணு, கரண்டு போனாத்தான் எந்திரிச்சு வந்து எங்கூட ஒரு வாய் சாப்பிடுது."

காதர் மைதீனின் பார்வை அந்த மூடிய டப்பாவில் போய் நின்றது. பேட்டரியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர், அப்படியே நடந்து போய் இன்வெர்ட்டரை அணைத்தார்.

"என்னங்க, பில்லு பாதியில நிக்குது" என்றாள் கமருன்னிஸா.

"நிக்கட்டும். நீ மொதல்ல சாப்பிடு."