எழும்பாத கோடு

இறந்துபோன மகள் விழுங்கியது போக மிஞ்சிய மாத்திரைகளில் ஒன்றைக் கரைத்து, மருந்தை ஒளியால் சோதிக்கும் நிறமாலைமானிக்குள் வைத்துவிட்டு, தாய் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பேரின் மருந்தைச் சோதித்தவள், இன்று தன் வீட்டு மருந்தைச் சோதிக்கிறாள். உண்மையான மருந்தில் ஒரு பென்சீன் வளையமும் அதை ஒட்டி ஒரு கார்பனைல் தொகுதியும் உண்டு. இந்த அணுக்கூட்டங்கள் புற ஊதா ஒளியை விழுங்கும். விழுங்கும் இடங்களில் திரையில் வரும் கோடு மேடாக எழும்பும். இந்தக் கோடோ இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. கண்ணாடிக் கலத்தைக் கழுவி, இன்னொரு மாத்திரையைக் கரைத்து வைக்கிறாள். அதுவும் அப்படியே. மேசைமேல் கிடக்கும் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் சன்னல் வெயில் பட்டு மின்னுகிறது. பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் கணவன் குரல் எழும்பாமல் கேட்கிறான்: “சொல்லும்மா. அன்னிக்கு ஒரு வேளை மாத்திரை குடுக்க மறந்துட்டேனே, அதனாலதானே புள்ள போச்சு?”

அவள் திரும்பி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “நீங்க மறந்ததால ஒண்ணும் ஆகலைங்க. இதுல மருந்தே இல்ல.”

அவன் மேசைமேல் கிடக்கும் மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கிறான். “தொண்டையில இறங்கலன்னு அழுவாளே,” என்கிறான். “அதட்டி அதட்டிக் குடுத்தோமே.”