பன்னிரண்டாவது கிழங்கு

ஹெஸ்டர் உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சீவி வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸ் காலை. தண்ணீர் ஐஸாக இருந்தது, விரல் விறைத்துப் போயிருந்தது.

"எண்ணிப் போடுடி" என்றாள் வாசலில் நின்ற பிளம்லி அக்கா. வாடகை வசூல் பண்ணுகிறவரின் மனைவி. சந்தில் அவள் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள்.

"எதுக்குக்கா?"

"எதுக்கா? அந்த பேக்கரிக்காரன் கிரிபிள் கை சும்மா இருக்காது. போன ஞாயித்துக்கிழமை என் வாத்து அவன் அடுப்புக்குள்ள போறப்ப ரெண்டு காலோட போச்சு. வர்றப்ப ஒத்தக் காலோட வந்துச்சு."

"நொண்டி நொண்டி எப்படி வந்து சேந்துச்சோ, பாவம்" என்றான் கட்டிலில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த நெட், ஹெஸ்டரின் புருஷன்.

"நீ சும்மா இருப்பா. ஏண்டி, ஒவ்வொரு கிழங்குலயும் கத்தியால ஒரு சிலுவை கீறி வை. களவு போனா அடையாளம் தெரியும்."

அந்தச் சந்தில் யார் வீட்டிலும் கறி வாட்டுகிற அளவுக்கு அடுப்பு கிடையாது. எல்லார் தட்டும் வாட்டி வாங்க கிரிபிள் கடை அடுப்புக்குத்தான் போகும். பிளம்லி அக்கா வீட்டில் மட்டும் பெரிய இரும்பு அடுப்பு உண்டு. கரி செலவாகுமே என்று அவளும் அங்கேதான் அனுப்புவாள்.

சிலுவை கீறிய பன்னிரண்டு கிழங்கு, நடுவில் ஒரு துண்டு ஆட்டுக்கறி. ஹெஸ்டர் தட்டைக் கொடுத்து, நம்பர் போட்ட தகர வில்லையை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

கோயில் விட்டதும் பிளம்லி அக்கா அவளைக் கையோடு கடைக்கு இழுத்து வந்தாள்.

"நீ உள்ள போய் எண்ணு. நான் வெளிய நிக்கிறேன். ஒண்ணு குறைஞ்சாலும் வந்து சொல்லு. நாளைலேருந்து ஒரு தட்டு இந்தக் கடைக்கு வராது. நான் பாத்துக்கறேன். அவன் கடையைச் சாத்திட்டுப் போகட்டும்."

ரொட்டி கேட்கவே ஹெஸ்டருக்குக் குரல் எழும்பாது. உள்ளே போய் வில்லையை நீட்டினாள். தட்டு வந்தது, ஆவி பறந்தது. மெதுவாக எண்ணினாள்.

பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். கறியிலும் ஒரு ஓரம் நறுக்கியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கிரிபிளுக்குப் பின்னால், அடுப்பு மூலையில், ஒரு மண்தட்டு. அதில் விதவிதமாய்க் கிழங்குகள், தோலோடு சில, தோல் இல்லாமல் சில. பன்றிக்கறி ஒரு துண்டு, மாட்டுக்கறி ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, சிலுவை கீறிய கிழங்கு ஒன்று.

"ஐயா... அது என்னோடது."

கிரிபிள் திரும்பிப் பார்த்தார். மறுக்கவில்லை.

"ஆமாம்மா, உன்னோடதுதான்."

"அப்ப திருடுறீங்களா?"

"திருட்டுன்னே வச்சுக்கோ. இந்தச் சந்துல ஒரு வீட்டுலேருந்து இன்னைக்கு மூடி போட்ட தட்டு ஒண்ணு வந்துச்சு. தூக்கினா நல்ல கனம். உள்ள பாத்தா செங்கல். அக்கம்பக்கம் எல்லாம் தட்டு தூக்கிட்டுப் போறப்ப அவங்க மட்டும் எப்படி வெறுங்கையோட நிப்பாங்க? அந்தத் தட்டை நிரப்பத்தான் எல்லார் தட்டுலேருந்தும் கொஞ்சம் எடுக்கிறேன்."

ஹெஸ்டர் அந்த மண்தட்டைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "எங்ககிட்ட கேட்டு வாங்கியிருக்கலாமே. குடுத்திருப்போமே" என்றாள்.

"குடுப்பீங்க. கூடவே யாருக்குன்னும் கேப்பீங்க. அதான் நான் கேக்குறதில்ல."

"யாருக்குங்கய்யா?"

கிரிபிள் சிரித்துவிட்டார்.

"பாத்தியா? போன வருஷம் டவுனி வீட்டம்மா இதே இடத்துல நின்னு இதையேதான் கேட்டாங்க. அவங்ககிட்ட உன் பேரை நான் சொன்னேனா?"

ஹெஸ்டருக்குக் காது சுட்டது.

போன கிறிஸ்மஸ். ஆற்றில் பனிக்கட்டி கட்டிப்போய் ஆறு வாரம் கப்பல் வரவில்லை, மூட்டை தூக்குகிற நெட்டுக்கு வேலையும் இல்லை. நான்கு கிழங்கும் ஒரு எலும்பும்தான் இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தால் தட்டு நிறையக் கறி.

'பேக்கரிக்காரர் தட்டை மாத்திக் குடுத்துட்டாரு. யாரும் தேடி வர்றதுக்குள்ள சீக்கிரம் சாப்பிடுங்க' என்று கதவைத் தாழ் போட்டுவிட்டு, அத்தனையையும் எல்லாரையும் தின்று முடிக்க வைத்தது அவள்தான்.

ஹெஸ்டர் தன் தட்டிலிருந்து இரண்டு கிழங்கை எடுத்தாள், கறியில் ஒரு துண்டைப் பிய்த்தாள், அந்த மண்தட்டில் வைத்தாள். துணியைப் போட்டுத் தட்டை இறுக மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னடி, எத்தனை குறையுது?" பிளம்லி அக்கா கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் குறையலைக்கா."

"நல்லா எண்ணினியா?"

"எண்ணினேன்க்கா. பாக்கப்போனா எனக்குத்தான் கூடுதலா வந்திருக்கு, நான்தான் இத்தனை நாளா அதைத் தெரிஞ்சுக்காம..."

"ஹெஸ்டர்" என்று தங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நெட் கூப்பிட்டான், "கறி வருதா, இல்ல நானும் பிள்ளையும் மேஜையைக் கடிக்கட்டுமா?"